இழுத்துப் பார்க்கும் அக்கா

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் டெலிவரி சலான், லீவு லெட்டர், பிறகு ஒரு நோட்டில் சில தேதிகள், அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் இன்னொருவரைப் பற்றி எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்க அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

போன மாதம் எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண் என்னைக் கேட்டாள். "ஆன்ட்டி, நீங்க கம்ப்யூட்டர்ல வேலை செஞ்சவங்கதானே? கஸ்டமர் போட்டோவெல்லாம் சேத்து வைக்க ஒரு டிஸ்க் வாங்கணும். எது வாங்கலாம்?"

"பெருசா ஒண்ணு வாங்காத. சின்னதா ரெண்டு வாங்கு. ரெண்டு கடையில வாங்கு," என்றேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என் பேச்சில்லை, அந்த அக்காவின் பேச்சு என்று உறைத்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன், ஜன்னலிலிருந்து கதவுக்குப் போகிறேன். எழுதிவிட்டால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

அவர் எதையும் இழுத்துப் பார்ப்பார். பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடிப்பதற்கு முன்னால் இரண்டு முறை இழுப்பார். நாற்காலியில் உட்காரும் முன் அதன் முதுகை ஆட்டுவார். ஆட்டிவிட்டுப் பெரும்பாலும் உட்காரமாட்டார், நின்றபடியே டீ குடிப்பார். யார் சட்டையிலாவது பொத்தான் தளர்ந்திருந்தால் அவர் கை தானாக அங்கே போகும். பொத்தான் கையோடு வந்துவிட்டால், "எப்படியும் விழுந்திருக்கும், பத்திரமா வெச்சுக்கோங்க," என்று அவர்களிடமே கொடுப்பார். ஒரு முறை எங்கள் முதலாளியின் சட்டைப் பொத்தானையே அப்படிக் கொடுத்திருக்கிறார்.

பெரிய எலெக்ட்ரானிக் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடம் அவருக்கு அதுதான் வேலை. மற்ற பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒயர்களை சால்டர் செய்து அனுப்புவார்கள். இவர் கடைசியில் ஒரு சின்னக் கொக்கியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயரையும் நேராக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை இழுத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். வந்துவிட்டால் சிவப்பு ட்ரேயில் போட வேண்டும். தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது இவரும் பணம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். வந்த பிறகு வீட்டில் உட்கார முடியாமல் கம்ப்யூட்டர் ஒயரிங் கற்றுக்கொண்டு, சின்னக் கடைகளுக்கும் லேபுகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் போட்டிருப்பார். ஜவுளிக்கடை மஞ்சள் பையில் ஒயர் கடிக்கும் கருவியும் டெஸ்டரும் இருக்கும்.

நான் அப்போது பெங்களூருக்கு வெளியே பொம்மசந்திராவில் ஓர் எம்பிராய்டரி யூனிட்டில் வேலை செய்தேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். நாலு மெஷின், மூன்று கம்ப்யூட்டர். என் வேலைக்கு பஞ்சிங் என்று பெயர். தாளில் வரைந்து வந்த பூவையோ மயிலையோ கம்ப்யூட்டரில் ஏற்றி, ஊசி எங்கே குத்த வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே நூல் நிறம் மாற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாக வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு டிசைனுக்கு மூன்று நாள், நாலு நாள் ஆகும். முடிந்ததை ஃப்ளாப்பியில் போட்டு மெஷினில் செருகினால் மெஷின் தைக்கும்.

ஃப்ளாப்பிகளைப் பிஸ்கட் டின்களில் அடுக்கி, அந்துருண்டை போட்டு வைத்திருந்தோம். அந்துருண்டைக்கு ஃப்ளாப்பியில் வேலை இல்லை என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஃப்ளாப்பியின் தகட்டைத் தள்ளித் திறந்து பஞ்சால் துடைப்பேன். சில பிழைக்கும், சில பிழைக்காது. பிழைக்காதவற்றை மறுபடி முதலிலிருந்து பஞ்ச் செய்வேன். ஒரு தீபாவளிக்கு முன் நாற்பது டிசைன் அப்படிப் போனது. அதற்குப் பிறகுதான் முதலாளி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க ஏற்பாடு செய்யலாம் என்றார். அவரை நாங்கள் சார் என்போம். கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார். நல்ல மனிதர்தான். அவசரக்காரர்.

முதலில் ஒரு கம்பெனி ஆள் டை கட்டிக்கொண்டு வந்தார். ஆள் உயரத்துக்கு ஒரு சர்வரின் படத்தைக் காட்டினார். முன்பக்கம் பூட்டு, நீல விளக்கு. சார் அந்த நீல விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ சொல்லி அன்றைக்கே இந்த அக்காவும் வந்திருந்தார். வந்தவர் சுவரோரமாக நின்று எங்கள் ப்ளக் பாயின்ட்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல எது மொதல்ல சாகும்?" என்று அந்த ஆளைக் கேட்டார்.

"சாகவே சாகாது மேடம். மூணு வருஷம் வாரண்டி."

"வாரண்டியில டிஸ்க் வேற குடுப்பீங்க. டிசைனக் குடுப்பீங்களா?"

டை கட்டியவர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா சொன்ன ஏற்பாடு பார்க்கப் பிச்சைக்காரத்தனமாக இருந்தது. மானிட்டர் இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு டிஸ்க். நாங்கள் வேலை செய்வது முதல் டிஸ்கில், சாயங்காலம் அது தானாக இரண்டாவதுக்கு நகல் ஆகும். மூன்று கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஹப் பழையதே போதும் என்றார். ஒயர் மட்டும் புதிது. அதுவும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கோத்துக்கொண்டு போகிற மாதிரி வேண்டாம், ஹப்பிலிருந்து ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியாக இழுக்க வேண்டும் என்றார். பணம் போட வேண்டிய இடம் யு.பி.எஸ்ஸும் எர்த்தும் என்றார். சார் முகத்தைச் சுளித்தார்.

"மண்ணுக்குள்ள போற கம்பிக்கா காசு?"

"ஆமா சார். கண்ணுக்குத் தெரியறதுல மிச்சம் பிடிங்க. தெரியாததுல பிடிக்காதீங்க."

சாமான் வாங்க அவரோடு, எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு என்னை அனுப்பினார்கள். பில் வாங்கிக்கொண்டு வருவதுதான் என் வேலை. தெருவில் பாதி கடைக்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருந்தது. ஒரு கடையில் நுழையும்போதே உள்ளேயிருந்து, "அக்கா வந்துட்டாங்க, ப்ளக்கெல்லாம் ஒளிச்சு வை," என்று குரல் கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பழைய ஹப் ஒன்றை எடுத்து, கரண்ட் கொடுத்து, பிடுங்கி, கொடுத்து, பிடுங்கி, பத்துத் தடவை செய்தார். பிறகு அதை என் கையில் வைத்தார்.

"அரை மணி நேரம் பிடிச்சுக்கினு இரு. பின்னங்கையில தொட்டுப் பாத்துக்கினே இரு. சூடேறுச்சுன்னா வேணாம்."

அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். ஒயர் தொங்க, விளக்கு மினுக்க, அந்த இரும்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் அரை மணி நேரம் நின்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. ஹப் சூடாகவில்லை. ஆறு வருடம் உழைத்தது.

டிஸ்க் விஷயத்தில்தான் சாருக்குக் கோபம் வந்தது. ஒன்றை அக்கா அன்றைக்கு ஒரு கடையில் வாங்கினார். இரண்டாவதை அடுத்த வாரம், வேறு கடையில், வேறு கம்பெனியுடையதாக வாங்க வேண்டும் என்றார். ஒரே கடையில் இரண்டு வாங்கினால் குறைத்துக் கொடுப்பார்களே என்று நான் கேட்டேன். நானாக வாய் திறந்து அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஒரே லாட்ல பொறந்தது ஒரே நாள்ல போவும்மா. எங்க பேட்ச்ல பதினாலு பேர் ஒரே நாள்ல உள்ள போனோம். ஒரே நாள்ல வெளிய வந்தோம். கேட்ல நின்னுக்கினு யாரு யாருக்கு ஆறுதல் சொல்றது?"

இதைச் சொல்லிக்கொண்டே கடைக்காரரின் கல்லாப்பெட்டிக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது.

எல்லாம் மாட்டி முடித்த அன்று சாரிடம் ஒரு நிபந்தனை போட்டார். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருவேன். சொல்லாம வருவேன். எதையாவது பிடுங்குவேன். நீங்க எல்லாரும் வேலையை நிறுத்தாம சமாளிக்கணும். சரின்னா சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க."

புது விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்த சந்தோஷத்தில் சார் சரி என்றுவிட்டார்.

முதல் முறை வந்து ஹப்பின் கரண்டைப் பிடுங்கினார். ஃப்ளாப்பியில் வேலை நடந்தது. அடுத்த முறை இரண்டாவது டிஸ்கைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒன்றும் நிற்கவில்லை. திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டபோது அவர் முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மெஷின் பக்கம் பார்த்துக்கொண்ட மாஸ்டர் மட்டும் முணுமுணுப்பார். "அரே, ஓடுற வண்டியை நிறுத்தி டயரை எண்ணுறாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரும் பக்கத்தில்தான் குடியிருந்தார். மாடியில் ஒரே அறை எங்களுடையது. நான் காபி போடும்போது, "உங்க வீட்டுக்காரர் நாலு நாள் வரலன்னா என்ன பண்ணுவ?" என்றார். என் கணவர் அங்கேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நிம்மதியா இருப்பா," என்றார் அவர் பேப்பரை இறக்காமல்.

எனக்குக் கோபம். அக்கா விளையாடவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். பேங்க் புத்தகம் எங்கே, கேஸ் புத்தகம் யார் பெயரில், சாவி எத்தனை என்று கேட்டுக்கொண்டே வெளியே போனவர் கொடிக்கயிற்றை இழுத்தார். துவைத்துக் காயப்போட்டிருந்த துணி அத்தனையும் மொட்டைமாடித் தரையில் விழுந்தது. அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தனையும் மறுபடி அலசிப் போட்டார். ஆணியை வேறு இடத்தில் அடித்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை. அந்த ஆணி இன்றும் அந்த வீட்டில் இருக்கும்.

அன்று துணி பிழியும்போது அவர் சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. ஓசூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போன் செய்வதை நிறுத்தி நாலு மாதம் ஆகிறதாம்.

"சண்டையாக்கா?"

"சண்டையெல்லாம் இல்ல. யாரு மொதல்ல பண்றாங்கன்னு பாக்கறேன்."

"பண்ணாங்களா?"

"இன்னும் டெஸ்ட் முடியல," என்றார். சிரிக்கவில்லை.

மூன்றாவது டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு டிஸ்கும் ஒரே அறையில் இருக்கிறதே, அறையே எரிந்தால் என்ன செய்வது என்று அக்காவுக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. அதனால் மூன்றாவதாக ஒன்று வாங்க வைத்தார். அதை இழுப்பறை மாதிரி ஒரு சின்ன இரும்புக் கூட்டில் பொருத்தி, என் கம்ப்யூட்டரில் செருகவும் எடுக்கவும் வழி செய்தார். அது யூனிட்டில் இருக்கக்கூடாது. யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். சனிக்கிழமை தோறும் கொண்டுவந்து, புது டிசைன்களை நகல் எடுத்து, மறுபடி கொண்டுபோக வேண்டும். எடுத்த தேதியை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டின் அட்டையில் அவர் வீட்டு போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

சார் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். நான் மறுத்துப் பேசமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

துண்டில் சுற்றி டிபன் பையில், சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருவேன். வீட்டில் பீரோவில் புடவைகளுக்கு நடுவில் இருக்கும். "நகையை அடுக்களை டப்பாவுல வெச்சுட்டு இரும்புப் பெட்டியை பீரோவுல பூட்டுறா," என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆட்டம் ஆகாது என்று அக்கா சொல்லியிருந்தார். அப்போதைய ஓசூர் ரோடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பையை மடியிலிருந்து தூக்கி, அந்தரத்தில் பிடித்துக்கொள்வேன். கை மரத்துப்போகும். சனிக்கிழமை வருகிறது என்றால் வியாழக்கிழமையே துண்டை எடுத்து வைத்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மடிவாளாவுக்கு முன்னால், யாரோ குறுக்கே வந்து டிரைவர் பிரேக் போட்டார். பை என் கையைவிட்டுப் போய் முன் சீட்டுக் காலில் மோதிக் கீழே விழுந்தது. ரசம் கொட்டியது. துண்டைப் பிரித்துப் பார்த்தேன். கூட்டின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.

அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். போட்டால் ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் போடவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினேன். அடுத்த சனிக்கிழமை கொண்டுபோகவில்லை. இனி ஆட வேண்டாம், விழ வேண்டாம், இங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு அடுத்த வாரமும் போட்டேன். பன்னிரண்டு சனிக்கிழமை அப்படிப் போனது. அந்த மூன்று மாதத்தில் என்னால் ஒரு டிசைனைக்கூட நிம்மதியாக முடிக்க முடியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பேன்.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒன்பதரைக்கு. அந்த வாரம் குழந்தைகள் கவுனுக்குக் குடை பிடித்த வாத்து ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தோம். நான் பஞ்ச் செய்தது. சின்ன சைஸ் முடிந்து பெரிய சைஸ் வாத்தை மெஷினில் ஏற்ற வேண்டிய நேரம். சாயங்காலம் லோடு போக வேண்டும். சார் பேங்குக்குப் போயிருந்தார்.

அக்கா நேராக உள்ளே போய்ப் பெட்டியை நிறுத்தி, திருகுகளைக் கழற்றி, இரண்டு டிஸ்கையும் எடுத்துத் தன் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

"தீப்பிடிச்சிருச்சு. இந்த ரூமே இல்ல. இப்ப வேலை பண்ணுங்க."

"அக்கா, இன்னிக்கு லோடு," என்றார் மாஸ்டர்.

"தீ கேட்டுக்கினா வரும்? மூணாவது எங்கம்மா இருக்கு?"

"வீட்ல," என்றேன்.

"போய் எடுத்துக்கினு வா."

போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். போகும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. ஆடுகோடியில் இறங்கி ஓடினேன். பீரோவைத் திறந்து டிஸ்கை எடுத்தேன். பேசாமல் இன்னொரு முறை கீழே போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். படியில் நின்று உண்மையிலேயே கையை நீட்டினேன். போட முடியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பள்ளத்துக்குப் பள்ளம் பழையபடி பையைத் தூக்கிக்கொண்டேன். எதற்காகத் தூக்குகிறேன் என்று தெரியாமல் தூக்கினேன்.

நான் நுழைந்தபோது மெஷின்கள் நின்றிருந்தன. அந்த ஹாலில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. அக்கா டிஸ்கை வாங்கி என் கம்ப்யூட்டரில் செருகினார். கொஞ்சம் முனகிவிட்டு ஓடியது. பெயர்கள் வரிசையாக வந்தன. மயில், மாங்காய், ரோஜா, போன சீசன் கப்பல். அவர் கீழே வரை போனார். மேலே வந்தார். மறுபடி கீழே போனார்.

"வாத்து எங்கம்மா?"

நான் மேசையைப் பார்த்தேன்.

மேசையில் நோட்டு இருந்தது. எடுத்துப் பிரித்தார். சனிக்கிழமைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக என் கையெழுத்தோடு இருந்தன. விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். பிறகு நோட்டை மூடி, மேசையில் வைக்காமல், என் டிபன் பைக்குள் வைத்தார். அப்போதுதான் சார் உள்ளே வந்தார்.

"ஏனிது, மெஷின் எல்லாம் நின்னிருக்கு?"

"டெஸ்ட் நடக்குது சார்," என்றார் மாஸ்டர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எந்த டெஸ்ட்? சாயங்காலம் லோடு போகணும்."

"நெஜமா எரிஞ்சிருந்தா மூணு மாசத்து வேலை போயிருக்கும் சார்," என்றார் அக்கா. "மூணாவதுல நகல் ஏறல."

"மூணு டிஸ்க் வாங்கச் சொன்னது நீங்க. ஏறலைன்னா யார் தப்பு?"

நான் அக்காவின் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு வேலை போகும். அந்த வேலை போனால் வேறு இடத்தில் பஞ்சிங்குக்கு எடுப்பார்கள், எடுக்காமலும் போகலாம். வாய் வரைக்கும் வந்தது.

"என் தப்பு சார்," என்றார் அக்கா. "ஃபேக்டரியில ஒயர் கழண்டா சால்டர் பண்ணவளைக் கேக்க மாட்டாங்க. இழுத்துப் பாத்தவளைத்தான் கேப்பாங்க. ஒயர், ஹப்பு, டிஸ்க் எல்லாத்தையும் இழுத்தேன். இதை மூணு மாசமா இழுக்கல."

எனக்காக அவர் பொய் சொன்னதாக அப்போது நினைத்தேன். இல்லை. அவர் அதை நம்பித்தான் சொன்னார். குரலில் இரக்கம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது, அதுவும் அவர் மேலேயே.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா. டிஸ்கை மாட்டிட்டுப் போங்க. இனிமே வர வேண்டாம். சும்னே நல்லா இருக்கிறதைப் பிடுங்கிப் பிடுங்கி, என்னைக்காவது நெஜமாவே போகும்."

அவர் மாட்டினார். நிதானமாக, ஒவ்வொரு திருகாக. மாட்டிய ஒவ்வொரு ஒயரையும் நேராக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை இழுத்தார். பெட்டி ஓடியது. வாத்து வந்தது. மெஷின்கள் தைக்க ஆரம்பித்தன. ஒன்றும் போகவில்லை. லோடு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனது, அவ்வளவுதான்.

நான் டிபன் பையோடு கேட் வரை பின்னாலேயே போனேன். அவர் திரும்பி, என் பையின் பிடியை இரண்டு முறை இழுத்தார். ஒரு பக்கம் தையல் விட்டது.

"பாத்தியா. இதுலதான தூக்கினு வர? தெச்சுக்கோ."

"அக்கா, நான் வந்து..."

"மூலை நசுங்கியிருக்கு. எப்ப விழுந்துச்சு?"

"மழைக்கு முன்னாடி. பஸ்ல."

"விழுந்தும் ஓடுதே," என்றார். அவர் முகத்தில் இரண்டாவது டிஸ்கைப் பிடுங்கிய அன்று பார்த்த அதே மலர்ச்சி. "நல்ல டிஸ்க். அடுத்த தடவையும் அதே கம்பெனி வாங்கச் சொல்லு." கொஞ்சம் நின்று, "அன்னிக்கே போட்டுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்மா," என்றார்.

பஸ் வந்தது. ஏறும்போது கம்பியை இரண்டு முறை இழுத்தது தெரிந்தது. நான் போய் சாரிடம் சொல்லியிருக்கலாம். மெஷின் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் நம்பர் நோட்டின் அட்டையில் இருந்தது. நான் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் அவர் யார் முதலில் பண்ணுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாரோ என்ற நினைப்பு வராத வாரம் இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டு முறை தெருமுனை வரை நடந்து திரும்பினேன். பிறகு அவர் அங்கே இல்லை என்றார்கள். பெங்களூர் போன் நம்பர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு என்ற எண்ணைச் சேர்த்தபோது, அட்டையில் இருந்த நம்பருக்கும் முன்னால் இரண்டு என்று எழுதி வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் சனிக்கிழமை. பையின் பிடியைத் தைத்து, டிஸ்கை வைத்து எடுத்துக்கொண்டு போனேன். சார் பெட்டியின் மேல் யாரும் தொடக்கூடாது என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருந்தார். மூன்று மாதத்து வேலையும் நகல் ஆக நாற்பது நிமிடம் பிடித்தது. வாத்து ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். ஏறியிருந்தது. நோட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.